எக்ஸ்காம் 2: நான்கு பேர் குழுவை உயிரோடு திரும்பக் கொண்டுவர என்ன வழி?

எக்ஸ்காம் 2, வேற்றுக்கிரகப் படைகளோடு சிறு குழுவாக மோதும், முறை வைத்து ஆடும் கணினி ஆட்டம். அதைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "எக்ஸ்காம் 2 ஆட்டத்தை கமாண்டர் என்ற கடின நிலையில் ஆடுகிறேன். முதல் இரண்டு மாதம் முடிவதற்குள் தேறிய வீரர்கள் எல்லோரும் செத்துவிடுகிறார்கள். 85 சதவீதம் என்று காட்டும் ஷாட்கூட தவறுகிறது. சேவ் செய்த இடத்துக்குப் போய் திரும்பச் சுட்டாலும் அதே முடிவுதான் வருகிறது. நான்கே பேரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது?"

உங்கள் குழு அழிவதற்குப் பெரும்பாலும் காரணம் வரிசை. ஒரு டர்னுக்குள், அதாவது நம் குழு ஆடும் ஒரு முறைக்குள், யார் முதலில் நகர்ந்தார்கள், யார் கடைசியில் சுட்டார்கள் என்பதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. துப்பாக்கியை மேம்படுத்துவது, கவசம் வாங்குவது எல்லாம் அதற்கு அப்புறம். முதல் மாதத்தில் கையில் இருப்பது சாதாரண ரைஃபிளும் ஆளுக்கொரு கிரெனேடும்தான். அதை வைத்துக்கொண்டே ஆள் இழப்பில்லாமல் மிஷன்களை முடிக்க முடியும்.

இந்த ஆட்டத்தின் வேர் 1994இல் ஜூலியன் காலப் உருவாக்கிய பழைய ஆட்டத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வீரருக்கும் நேர அலகுகள் என்று ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் நடக்கலாம், சுடலாம், மிச்சம் இருந்தால் பின்வாங்கலாம். 2012இல் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தில் ஜேக் சாலமன் தலைமையில் வந்த மறு உருவாக்கம் அதைச் சுருக்கி, ஆளுக்கு இரண்டே செயல்கள் என்று ஆக்கியது. 2016இல் வந்த எக்ஸ்காம் 2 அதே வழிதான். நகர்ந்துவிட்டுச் சுடலாம். சுட்டுவிட்டால் பொதுவாக அந்த வீரரின் டர்ன் முடிந்தது. சுட்டபின் ஒளிய முடியாது என்பதால், எங்கே நின்று சுடுகிறீர்களோ அங்கேதான் எதிரியின் பதிலடியையும் வாங்கப்போகிறீர்கள். சுடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாட். எதிரிகள் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு கூட்டங்களாகத் திரிகிறார்கள். உங்களைப் பார்க்கும்வரை ஒரு பாட் சும்மா ரோந்து சுற்றும். பார்த்த நொடியில் அந்தக் கூட்டம் முழுவதும் விழித்துக்கொண்டு, இலவசமாக ஒரு ஓட்டம் ஓடி கவருக்குள் (சுவர், கார் போன்ற தடுப்புக்குப் பின்னால்) போய்விடும். நம் டர்னில் விழித்தால் அந்த ஓட்டத்தோடு சரி, உடனே சுடாது. நாம் டர்னை முடித்த பிறகுதான் சுடும்.

இப்போது இரண்டு விதமாக நினைத்துப் பாருங்கள். முதல் வீரரின் முதல் நகர்விலேயே பாட் விழித்துவிட்டது. அவருக்கு ஒரு செயல் மிச்சம், மற்ற மூவருக்கும் தலா இரண்டு. ஏழு செயல்கள் கையில் இருக்கின்றன. அதே பாட் நான்காவது வீரரின் இரண்டாவது நகர்வில் விழித்தால் கையில் ஒன்றுமே இல்லை. எதிரி இலவசமாகக் கவர் எடுத்துக்கொண்டு, அடுத்து தன் முழு டர்னையும் உங்கள் மேல் செலவழிப்பான். எதிரி அதேதான், இடம் அதேதான். தொடக்க மாதங்களில் குழுக்கள் அழிவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது விதத்தில்தான் நடக்கிறது.

அதனால் நகர்வதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். டர்னின் முதல் ஆள் மட்டுமே புதிய இடத்தைத் திறக்க வேண்டும். அதுவும் நீலக் கோட்டுக்குள், ஒரு செயலில் முடியும் தூரத்துக்குள், நல்ல கவரை நோக்கி. எதுவும் தென்படவில்லையா, சரி, மற்றவர்கள் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்ட கட்டங்களுக்குள் மட்டும் வந்து சேரட்டும். மஞ்சள் கோடு வரைக்கும் ஓடும் டேஷ், யாரும் பார்க்காத மூலையை நோக்கிப் போகவே கூடாது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போது இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஒரு எதிரியைப் பக்கவாட்டில் பிடிக்கலாம் என்று வரைபடத்தின் இருண்ட பகுதிக்குள் நான்கு கட்டம் ஓடுவது, இரண்டாவது பாட்டை எழுப்பத் தேர்ந்த வழி. ஒரு பாட்டோடு சண்டை போட நான்கு பேர் போதும். இரண்டோடு போட முதல் மாதத்தில் போதாது.

இப்படிப் பக்கவாட்டில் பிடிக்க, அதாவது ஃபிளாங்க் செய்ய, ஆசைப்படும்போது, சுற்றிப் போகிற பக்கம் ஏற்கெனவே திறந்த பக்கமா என்று பாருங்கள். நீங்கள் வந்த திசையை ஒட்டிய பக்கம் பெரும்பாலும் பத்திரமானது. எதிரி வந்த திசையை ஒட்டிய பக்கம் அப்படி இல்லை.

இனி அந்த 85 சதவீதம். நான்கு வீரர்கள், நான்கும் 85 சதவீத ஷாட்கள், நான்கும் பட்டால்தான் திட்டம் பலிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 0.85ஐ நான்கு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 0.52. ஏறக்குறைய இரண்டில் ஒரு தடவை அந்தத் திட்டம் உடையும். மாறாக, மூன்று பேர் 70 சதவீத ஷாட் வைத்திருக்கிறார்கள், ஒன்று பட்டால் போதும் என்றால், மூன்றும் தவறும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. திரையில் தெரியும் எண்ணைவிட, எத்தனை ஷாட் பட வேண்டும் என்ற எண்தான் முக்கியம். எல்லாம் பட்டாக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால், அதற்கு முந்தைய நகர்வில் எங்கோ அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

ஆட்டம் ஏமாற்றவும் இல்லை. சொல்லப்போனால், லெஜண்ட் என்ற மிகக் கடினமான நிலை தவிர மற்ற நிலைகளில் நம் பக்கம் அடுத்தடுத்து ஷாட் தவறினால் திரையில் காட்டாமலே வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. சேவை மறுபடி திறந்தாலும் அதே முடிவு வருவதற்குக் காரணம், பகடை எண்ணும் சேவ் கோப்பிலேயே சேர்ந்து பதிவாகிவிடுவது. அதே வீரர் அதே ஷாட்டை அதே வரிசையில் சுட்டால் அதே விடைதான் வரும். வரிசையை மாற்றினால் மாறும். ஆனால் அப்படித் தேடித்தேடி ஆடினால் வரிசையைப் பற்றிய உள்ளுணர்வு வளரவே வளராது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு டர்னைக் கிட்டே இருந்து பார்ப்போம். நகரத் தெரு. உங்கள் ஷார்ப்ஷூட்டர் (தூரத்திலிருந்து சுடும் வீரர்) பின்னால் ஒரு தட்டையான கூரை மேல் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கிறார். ரேஞ்சர் (வாளும் வைத்திருக்கும் வீரர்) ஒரு நீல நகர்வில் முன்னே வந்து தூண் ஓரம் ஒட்டிக்கொள்கிறார். பாட் விழிக்கிறது: அட்வெண்ட் என்ற எதிரிப் படையின் ஒரு ஆஃபீசர், ஒரு ட்ரூப்பர், மனோசக்தி உள்ள வேற்றுக்கிரகவாசியான ஒரு செக்டாய்டு. ஆஃபீசரும் ட்ரூப்பரும் ஒரே குட்டைச் சுவருக்குப் பின்னால் பதுங்குகிறார்கள். செக்டாய்டு ஒரு வேனுக்குப் பின்னால் முழுக் கவரில் நிற்கிறது. ரேஞ்சருக்கு ஒரு செயல் மிச்சம்.

கை பரபரக்கும் நகர்வு என்ன? ரேஞ்சரை ஓடவிட்டு செக்டாய்டை வாளால் வெட்டுவது. செக்டாய்டுக்கு வாள் வெட்டு கூடுதல் சேதம் என்பதும் உண்மை. ஆனால் வேனைச் சுற்றி ஓடினால் அடுத்த தெரு திறக்கும், அங்கே இன்னொரு பாட் இருக்கலாம். வெட்டு தவறினால் மூன்று எதிரிகளுக்கு நடுவே கவரே இல்லாமல் நிற்பார். முதல் செயலிலேயே திட்டத்தின் மிச்சம் எல்லாம் கைவிட்டுப் போய்விடும்.

அதற்குப் பதிலாக கிரெனேடியர் (கிரெனேட் லாஞ்சர் வைத்திருக்கும் வீரர்) முதலில். லாஞ்சரால் அந்தக் குட்டைச் சுவர் மேல் ஒரு கிரெனேட். கிரெனேட் தவறாது. இருவருக்கும் அடி விழுகிறது, சுவரும் போய்விடுகிறது. இப்போது இரண்டு பேரும் வெட்டவெளியில். அடுத்து ஷார்ப்ஷூட்டர் ஆஃபீசரைச் சுடுகிறார். கவர் இல்லை, உயரத்தில் இருப்பதற்கான கூடுதல் வேறு. ஆஃபீசரை முதலில் குறிவைப்பதற்குக் காரணம், அவன் நம்மில் ஒருவரைக் குறியிட்டுக் கொடுத்தால் மற்ற எதிரிகளின் ஷாட்கள் அவர்மேல் படும் வாய்ப்பு கூடும். பிறகு ரேஞ்சர், நின்ற இடத்திலிருந்தே ட்ரூப்பரைச் சுடுகிறார். பட்டதா, நல்லது. தவறியதா, அதற்காகத்தான் ஸ்பெஷலிஸ்ட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். காம்பேட் புரோட்டோகால் திறன் இருந்தால் அவருடைய கிரெம்லின் என்ற ட்ரோன் பறந்துபோய் கொடுக்கும் மின்னடி சிறியதுதான், ஆனால் தவறவே தவறாது. ஏற்கெனவே கிரெனேட் வாங்கியவனை முடிக்க அது பெரும்பாலும் போதும். ரேஞ்சரின் ஷாட்டே பட்டுவிட்டால் கிரெம்லினை அடுத்த டர்னுக்கு மிச்சம் பிடிக்கலாம்.

இந்த வரிசையைக் கவனித்தீர்களா? நிச்சயமான ஒன்றால் தொடங்கி மற்றவர்களின் ஷாட்களை எளிதாக்கினோம். நடுவில் அதிர்ஷ்டத்தைச் சோதித்தோம். நிச்சயமான இன்னொன்றைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தோம். இரண்டு நிச்சயங்களையும் முதலிலேயே செலவழிப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது.

செக்டாய்டு அப்படியே இருக்கிறதே என்றால், இருக்கட்டும். தொடக்கத்தில் அதைக் கடைசியாக விடுவதே சரி என்பது என் கருத்து. தன் டர்னில் அது சுடுவதைவிட, செத்த உடலை எழுப்பவோ நம் ஆள் ஒருவரின் மனத்தைக் குழப்பவோதான் அதிகம் பார்க்கும். மனக்குழப்பம் சில சமயம் வெறும் தடுமாற்றம், சில சமயம் பீதி, சில சமயம் நம் ஆளே அதன் கட்டுப்பாட்டுக்குள் போய்விடுவது. கடைசி வகைதான் ஆபத்து. அதற்காக ஒரு ஃபிளாஷ்பேங் யாரிடமாவது இருக்கட்டும். செக்டாய்டு மேல் வீசினால் கட்டுப்பாடு அறுந்துவிடும், அதன் மனோசக்தியும் அந்த நேரத்துக்கு முடங்கும். அதைக் கொன்றாலோ, அது எழுப்பிய பிணமும் கூடவே சரிந்துவிடும். ஆகவே எழுந்து வரும் பிணத்தைச் சுட்டு டர்னை வீணாக்காதீர்கள். அடுத்த டர்னில், அந்தத் தெரு திறந்திருக்கும்போது, ரேஞ்சரின் வாளுக்கு வேலை கொடுங்கள்.

கவர் கணக்கு எளிது. பாதிக் கவர் சுடுபவரின் வாய்ப்பில் 20 குறைக்கும், முழுக் கவர் 40. ஒரு ரூக்கியின் (புது வீரரின்) இலக்குத் திறன் 65 என்று எடுத்துக்கொண்டால், முழுக் கவரில் இருக்கும் எதிரிமேல் 25தான், தூரத்துக்கான கூடுதல் குறைச்சல் தனி. கவரை உடைத்துவிட்டால் அது மறுபடி 65. உயரத்திலிருந்து சுட்டால் இன்னொரு 20 சேரும். ஆகவே தொடக்க மாதங்களில் கிரெனேடை சேதத்துக்கான ஆயுதமாகப் பார்ப்பதைவிட, மற்ற மூவரின் ஷாட்டிலும் ஒரே நேரத்தில் 20ஓ 40ஓ கூட்டும் கருவியாகப் பாருங்கள். வெடியால் செத்த எதிரியிடமிருந்து பொருள் எதுவும் கிடைக்காது என்பது இதன் விலை. ஆள் சாவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கிரெனேடியருக்கு ஹோலோ டார்கெட்டிங் எடுத்தவர்களுக்கு இன்னொரு வசதி: அவர் பீரங்கியால் சுட்ட எதிரிமேல் மற்றவர்களுக்கு 15 கூடும். எனவே கிரெனேட் தீர்ந்த பிறகும் அவர் முதலில் சுடுவதே நல்லது.

இதே விதிகள் நமக்கும் திரும்பும். எரியத் தொடங்கிய காருக்குப் பின்னால் டர்னை முடிக்கக் கூடாது, அது வெடிக்கும். இரண்டு பேரை ஒரே சுவருக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தக் கூடாது. எதிரிகளில் மியூட்டான் கிரெனேட் வீசும், வைப்பர் விஷத்தைப் பரப்பித் துப்பும், மெக் இயந்திரம் ஒரே வீச்சில் பலர் மேல் ஏவுகணை பொழியும். நான்கைந்து கட்ட இடைவெளி போதும்.

பெரும்பாலான மிஷன்கள் மறைவில் தொடங்கும். எதிரிக்கு நாம் தெரிய மாட்டோம், போனால் பார்த்துவிடும் கட்டங்களைத் திரையே சிவப்பில் காட்டும். எக்ஸ்காம் 2இன் மிகச் சிறந்த யோசனை இது என்று நினைக்கிறேன். பதுங்கித் தாக்குவதற்கு, பாட் வரும் வழியை ஒரு டர்ன் பார்த்துவிட்டு, ஒருவர் தவிர மற்ற எல்லோரையும் ஓவர்வாட்சில் (எதிரி நகர்ந்தால் தானாகச் சுடும் காவல் நிலையில்) வையுங்கள். அந்த ஒருவர் தாக்கியதும் எதிரிகள் கவர் தேடி ஓடுவார்கள், ஓட்டத்தின் நடுவே மற்றவர்கள் சுடுவார்கள். வழக்கமாக ஓவர்வாட்ச் ஷாட்டுக்கு இலக்குத் திறன் குறையும். மறைவிலிருந்து வைத்த ஓவர்வாட்சுக்கு அந்தக் குறைப்பு கிடையாது. தொடங்கி வைப்பவர் கிரெனேடியராக இருந்தால், நெருங்கி நிற்கும் மூவரும் ஒரே வெடியில் அடிபட்டுத்தான் ஓடுவார்கள்.

இதில் ஒரு நுணுக்கம். ஷார்ப்ஷூட்டரின் ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு இரண்டு செயல்களும் வேண்டும், நகர்ந்துவிட்டுச் சுட முடியாது. அதனால் அவரை முந்தைய டர்னிலேயே உயரத்தில் உட்கார வைத்துவிட வேண்டும். ஸ்குவாட்சைட் இருப்பதால் குழுவில் யார் பார்த்தாலும் அவரால் சுட முடியும், நேர்ப்பார்வை மறையாமல் இருந்தால் போதும்.

மறைவு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கிறது. அது கலைந்தபிறகு ஓவர்வாட்சை நம்பி முன்னேறுவது எனக்குப் பிடிக்காது. நகர்ந்து, ஓவர்வாட்ச், நகர்ந்து, ஓவர்வாட்ச் என்று ஊர்வது 2012 ஆட்டத்தில் பலருக்குப் பழகிப்போனது. எக்ஸ்காம் 2 அதை முறிப்பதற்காகவே பல மிஷன்களில் டர்ன் கணக்கு வைத்திருக்கிறது. எதிரி கண்ணுக்குத் தெரியும்போது ஓவர்வாட்ச் வைப்பது நல்ல ஷாட்டை மோசமான ஷாட்டுக்கு மாற்றிக்கொள்வது போலத்தான். எதிரி வரப்போகிறான் என்று தெரியும், இன்னும் வரவில்லை என்றால் மட்டும் வையுங்கள்.

டர்ன் கணக்கு உள்ள மிஷனில் பதற வேண்டாம். தொடக்க இரண்டு டர்ன்களில், மறைவு கலையாமல் இருக்கும்போது, எவ்வளவு தூரம் போக முடியுமோ போய்விடுங்கள். சேர்த்து வைத்த அந்தத் தூரம்தான் நடுவில் இரண்டு டர்ன் நின்று ஒரு பாட்டை ஒழுங்காக முடிக்க இடம் தரும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: மறைவில் இருக்கும்போது தயங்குகிறார்கள், கடைசி மூன்று டர்னில் டேஷ் அடித்து ஓடுகிறார்கள். இந்த வகை மிஷனுக்கு இரண்டு ஷார்ப்ஷூட்டர்களை எடுத்துப்போகாதீர்கள், பின்தங்கிவிடுவார்கள்.

யாரை எடுத்துப்போவது என்று கேட்டால், முதல் மாதங்களில் இரண்டு கிரெனேடியர் எடுப்பேன். மற்ற இருவர் மிஷனைப் பொறுத்து. ரூக்கியை அழைத்துப்போனால் அவர் கையிலும் கிரெனேட் இருக்கட்டும். இலக்குத் திறன் குறைந்தவருக்குத் தவறாத ஆயுதத்தைக் கொடுப்பதே அறிவு. ஃபேஸ்லெஸ் எதிரியின் உடலை ஆய்வு செய்தால் மிமிக் பீக்கன் செய்யலாம். அதை வீசினால் எதிரிகள் நம்மை விட்டுவிட்டு அந்தப் பொய் உருவத்தைச் சுடுவார்கள். திட்டம் உடைந்த டர்னில் இதைவிடப் பெரிய உதவி இல்லை. கெரில்லா டாக்டிக்ஸ் ஸ்கூல் என்ற பயிற்சிக் கூடத்தைச் சீக்கிரம் கட்டி, ஐந்தாவது ஆளுக்கான இடத்தை வாங்குங்கள், பிறகு ஆறாவது. ஐந்தாவது ஆள் என்றால் ஒவ்வொரு டர்னிலும் இரண்டு செயல்கள் கூடுதல். எந்தத் துப்பாக்கி மேம்பாடும் அதற்கு ஈடாகாது.

புதிய எதிரி வரும்போது பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டியிருக்கும். மியூட்டான் வாள் வெட்டைத் தடுத்துத் திருப்பி அடிக்கும், ஆகவே ரேஞ்சர் துப்பாக்கியோடு நிற்கட்டும். ஸ்டன் லான்சர் நேராக ஓடிவந்து அடித்து நம் ஆளைச் செயலிழக்கச் செய்வான், அதனால் கொல்லும் வரிசையில் அவன் முதலிடம். கவசமுள்ள மெக்குக்கு, முதலில் கவசத்தைக் கிழிக்கும் கிரெனேடியர், பிறகுதான் மற்றவர்கள். 2017இல் வந்த வார் ஆஃப் தி சோசன் விரிவாக்கத்தை ஆடுகிறீர்கள் என்றால், லாஸ்ட் என்ற ஜாம்பி போன்ற கூட்டங்கள் வரும் இடத்தில் வெடியைத் தொடாதீர்கள், சத்தம் இன்னும் பலரை அழைத்துவரும். அவர்களைத் துப்பாக்கியால் ஒரே அடியில் கொன்றால் செயல் திரும்பக் கிடைக்கும். அங்கே மட்டும் வரிசை மாறுகிறது: நல்ல இலக்குத் திறன் உள்ளவர் முதலில் சுடட்டும்.

கடைசியாக, பின்வாங்குவது. பல மிஷன்களில் மீட்பு விமானத்தை நீங்களே அழைக்கலாம். கயிறு இறங்கும் கட்டங்களுக்குள் வந்துவிட்டால் ஒவ்வொருவராக ஏறிவிடலாம். எப்போது அழைப்பது? இரண்டு பேர் செத்த பிறகு அழைத்தால் மிச்சம் இருவரையும் கொண்டுபோக நேரம் இருக்காது. என் அளவுகோல் இது: இரண்டு பாட் விழித்திருக்கின்றன, கிரெனேட் தீர்ந்துவிட்டது, ஒருவர் எழ முடியாமல் கிடக்கிறார் என்ற மூன்றில் இரண்டு உண்மையானால் அந்த டர்னிலேயே அழைத்துவிடுவேன். கிடப்பவரைத் தூக்க ஒருவர் வேண்டும், தூக்கியவர் சுட முடியாது, அதனால் வழியை மறைக்க இன்னொருவர் வேண்டும். ஆக மூன்று பேர் நடமாடும்போதே முடிவெடுத்தாக வேண்டும். இறந்தவரின் உடலைத் தூக்கி வந்தாலும் அவரிடம் இருந்த பொருள்கள் திரும்பக் கிடைக்கும். உயிரோடு விட்டுவிட்டு வந்தவர் எதிரியிடம் சிறைப்படலாம், பின்னால் அவரை மீட்கும் மிஷன் வரவும் வாய்ப்பு உண்டு. தோற்ற மிஷனால் கொஞ்சம் இழப்பு இருக்கும். சார்ஜென்ட் நிலைக்கு வந்த இரண்டு பேர் உயிரோடு இருந்தால் அடுத்த மாதத்திலேயே அதை ஈடுகட்டிவிடலாம்.